நடு மைதானத்தில் இரண்டு குதிரைகள்

1.
இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. இந்தக் கோடையில் கோச்கோர் என்ற மலையூரின் புல்வெளியில், ஒலிபெருக்கி கட்டிய லாரியின் மேல் உட்கார்ந்து, தர்பூசணி தின்றுகொண்டே பார்த்தேன். அன்றிலிருந்து எழுதுவதும் அடிப்பதுமாக இருக்கிறேன். இதுவரை வந்த தொடக்கங்கள்:

(அ) "கனிஷாய் குதிரைமேல் ஏறியபோது வானம் —" வேண்டாம். வானத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

(ஆ) "திலேக் அவளை உயிருக்குயிராக விரும்பினான், அதனால்தான் —" அதனால்தான் என்ன? வாய் ஓயாத ஒரு சிநேகிதனிடம் போய்ச் சொன்னான். அவ்வளவுதான்.

நேராகவே சொல்லிவிடுகிறேன்.

2.
பெண் முன்னால் குதிரையை விடுவாள், பையன் துரத்துவான். எல்லைக் கம்பத்தை அவள் தாண்டுவதற்குள் பிடித்துவிட்டால் முத்தம். பிடிக்காவிட்டால் திரும்பும் வழியில் அவள் அவனைத் துரத்திச் சாட்டையால் விளாசுவாள். விளையாட்டு இதுதான்.

திலேக் முந்தின நாளே, குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டும்போது, கட்டிக்கொள்வாயா என்று அவளைத் தனியாகக் கேட்டுவிட்டான். "யோசிச்சுச் சொல்றேன்" என்றாளாம். அதுவரை பொறுக்க அவனால் முடியவில்லை. சிநேகிதன் மெலிஸ் கையிலோ மைக்.

"சனங்களே! இன்னிக்கு வெறும் முத்தத்துக்கு ஓட்டமில்ல! நம்ம திலேக் கனிஷாயைப் பொண்ணு கேக்கறான்! பிடிச்சுட்டான்னா கல்யாணம்தான்! பையனோட அம்மா வெள்ளை முக்காட்டோட தயாரா நிக்கறாங்க பாருங்க!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. ஆயிரக்கணக்கில் செல்போன்கள் உயர்ந்தன. கனிஷாய் லாரியைப் பார்த்துக் கத்தினாள்: "மெலிஸ் அண்ணே, உங்க வாய்க்கு ஒரு கடிவாளம் வாங்கிப் போடணும்!" எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பையன் வீட்டு முக்காடு தலையில் விழுந்தால் பெண் சம்மதித்துவிட்டாள் என்று அர்த்தம்; விழுந்தபின் அதைக் கழற்றி எறிந்தவளுக்கு ஊரில் என்ன பேர் கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும்.*

* என் தலையிலும் ஒன்று விழுந்தது. நான் கழற்றி எறியவில்லை. அது வேறு கதை.

3.
[இங்கே திலேக்கைக் கெட்டவனாக்கிவிட்டால் கதை வழுக்கிக்கொண்டு ஓடும். முயன்று பார்த்தேன், அவன் இடம் கொடுக்கவில்லை. மெலிஸ் கூவியதும் அவன் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன். "கேக்கறேன்னு மட்டும்தானேடா சொல்லச் சொன்னேன்!" என்று கத்தினான். ஒலிபெருக்கிக்கு முன்னால் அது எடுபடவில்லை.]

4.
அவன் அவளைப் பிடிக்கவில்லை. பிடிக்கவே முடியாது. அவளுடைய செம்பழுப்புப் பெட்டைக் குதிரை கம்பத்தைத் தாண்டியபோது அவன் வெகு பின்னால் இருந்தான். இனி அவன் திரும்பி ஓட வேண்டும். ஓடவில்லை. நடு மைதானத்தில் தொப்பியில்லாமல் நின்றுவிட்டான்.

அவள் சாட்டையை ஓங்கிக்கொண்டு வந்தாள். "குதிரைகளின் மூச்சு எனக்குக் கேட்டது" என்று எழுதினேன். பொய். அவ்வளவு தூரத்தில் என்ன கேட்கும்?

மெலிஸ் மைக்கைக் கீழே வைத்தான். "அடிச்சுடுவாளாக்கா?"

"வாயை மூடிட்டுப் பாருடா."

சாட்டை இறங்கியது, ஆனால் அவன்மேல் இல்லை. அவள் தன் குதிரையை அவன் குதிரையோடு ஒட்டி நிறுத்தினாள். அவன் ஏதோ கேட்டான். அவள் ஏதோ சொன்னாள், சின்னதாக. அவன் தலையாட்டினான். சம்மதமா, ஏமாற்றமா, வெறும் மரியாதையா, தெரியவில்லை.

அத்தனை கண்கள், அத்தனை செல்போன்கள். ஒரு சொல்கூட யாருக்கும் எட்டவில்லை. ஊரே பார்த்திருக்க, கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதுபோல அவர்கள் பேசினார்கள். நான் பிரமித்துப்போனேன். இந்த வாக்கியத்தை எவ்வளவோ மாற்றிப் பார்த்தேன், இதைவிட நல்லதாக வரவில்லை.

5.
திரும்பி வந்ததும் திலேக்கின் அம்மா முக்காட்டோடு ஓடி வந்தாள். "தலையைக் குனிம்மா, கண்ணு!"

கனிஷாய் குனிந்தாள். இரண்டு கைகளாலும் அதை மரியாதையாக வாங்கினாள். வாங்கி, ஜெயித்த குதிரைக்குக் கட்டுவதுபோலத் தன் பெட்டையின் கழுத்தில் கட்டினாள்.

"ஜெயிச்சது இவதானே, அத்தை! பரிசு இவளுக்குத்தான்."

அம்மாவின் கைகள் அப்படியே நின்றன. முதலில் கைதட்டியது திலேக். பிறகு கூட்டம். கடைசியில் அந்த அம்மாவும் சிரித்து, பெட்டையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தாள். யாருக்கும் அவமானமில்லை, யாருக்கும் வாக்குமில்லை. என் கை என்னையறியாமல் என் தலைக்குப் போனது. லாரிமேல் நின்று அழுதேன், வெட்கமில்லாமல்.

6.
இனி முடிவு. நடு மைதானத்தில் அவள் அவனிடம் சொன்னது:

(அ) "சரி."
(ஆ) "மாட்டேன்."
(இ) "இன்னொரு தடவை கேளு, யாரும் இல்லாத இடத்துல."

மூன்றாவது எனக்குப் பிடித்திருந்தது. இருந்தாலும் சரிபார்க்கலாமென்று போனேன். அவள் பெட்டையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு அவன்கிட்ட என்னம்மா சொன்னே?"

"கதைக்கா கேக்கறீங்க?"

"ஆமா."

அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கோபமில்லை.

"நீங்களும் மைக்கைப் பிடிச்சுட்டீங்களா, அக்கா?"

7.
மூன்றையும் அடித்துவிட்டேன். இந்த இடத்தில் முடிவை உங்கள் கையில் கொடுத்துவிட்டு நழுவுவதுதான் என்னைப் போன்றவர்களின் வழக்கம். கொடுக்கப்போவதில்லை. அது என்னிடமும் இல்லை.

அதோ, நடு மைதானத்தில் அவர்கள் இருவரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். உங்களுக்காகக் கொஞ்சம் நகர்ந்து உட்காருகிறேன், லாரியில் இடமிருக்கிறது. இங்கிருந்தே பார்ப்போம். கிட்டே போக வேண்டாம்.