துர்காதேவியின் பித்தளைக் காம்பஸ்

துர்காதேவிக்கு மூக்கின் மேல் கோபம். அதிலும் அவளுடைய காம்பஸ்களைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லிவிட்டால் அன்றைக்கு அந்த ஆள் தொலைந்தார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிரஷர் கேஜ் செய்யும் கம்பெனியில் அவளுக்கு வேலை. முள் சரியாகக் காட்டுகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்து அனுப்ப வேண்டும். சோறு போடுவது அந்த வேலைதான். ஆனால் அவள் உயிர் இருப்பது வீட்டு ஷோகேஸில். சீராக வந்த எவர்சில்வர் பாத்திரங்களைப் பரணுக்கு ஏற்றிவிட்டு, அந்தக் காலத்து ராணுவக் காம்பஸ்களை அங்கே வரிசையாக வைத்திருக்கிறாள். பித்தளை உடம்பு. மூடியில் ஒரு கண்ணாடி, அதன் நடுவில் மயிரிழைபோல ஒரு கோடு. எதிர்ப்பக்கம் சின்னதாக ஒரு பட்டகம். கட்டைவிரலை வளையத்தில் நுழைத்துக் கண்ணருகே தூக்கிப் பிடித்தால், தூரத்துப் பனைமரமும் உள்ளே சுழலும் தட்டின் எண்ணும் ஒரே பார்வையில் தெரியும். அந்த மரம் வடக்கிலிருந்து எத்தனை டிகிரி தள்ளி நிற்கிறது என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடலாம்.

மாமியார் எல்லம்மா ஒருமுறை நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். "புளி போட்டு ஒரு தேய் தேய்ச்சன்னா பளபளன்னு ஆயிடும்மே. எதுக்கு இப்டி கருகருன்னு வெச்சிக்கினு கீற?" ராணுவத்தில் பூசிய கருப்பு அது, அது போனால் அந்தப் பொருளின் வயதே போய்விடும் என்று மருமகள் கத்திய கத்தலில், எல்லம்மா அதற்கப்புறம் ஷோகேஸ் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை.

அழகுக்காக மட்டும் வாங்கி அடுக்குகிறவர்களை துர்காதேவிக்குப் பிடிக்காது. திசை சொல்லாத காம்பஸ் அவளைப் பொறுத்தவரை மூக்குப்பொடி டப்பா. கெட்டதை எடுத்து, பிரித்து, மறுபடி வடக்கைக் காட்ட வைப்பதில்தான் அவளுக்குப் பெருமை. அந்தப் பெருமையை மறைக்கவும் அவளுக்குத் தெரியாது.

இருப்பதிலேயே அருமையானது அவள் கணவன் மணிகண்டன் கொண்டுவந்தது. அவன் பழைய இரும்பு யார்டில் காந்தக் கிரேன் ஓட்டுகிறவன். கப்பலில் வந்த குப்பையைக் கொட்டி, இரும்பையெல்லாம் காந்தம் அள்ளிக்கொண்டு போன பிறகு, அது எடுக்காமல் விட்ட பித்தளைச் சில்லறைச் சாமான்களுக்கு நடுவில் அது கிடந்தது. மேனேஜரிடம் கேட்டு வாங்கி வந்து, "இந்தா, உன் டப்பா கூட்டத்துக்கு இன்னொண்ணு" என்று நீட்டினான். மூடியில் 1917 என்று வெட்டியிருந்தது.

கண்ணாடி தூள். தட்டு உள்ளே இறுகிப்போயிருந்தது. அது சுழல வேண்டிய ஊசிமுனை மழுங்கியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, கிரேன் காந்தத்துக்கு அடியில் கிடந்ததில் காம்பஸின் புத்தியே புரண்டு, வடக்கைத் தெற்கு என்றது. துர்காதேவி ஊசியைத் தீட்டினாள். தட்டுக்குப் புதிதாகக் காந்தம் ஏற்றினாள். இருட்டில் ஒளிர்வதற்குப் பூசிய பழைய ரேடியம் பூச்சை மட்டும் சுரண்டாமல், கையுறை போட்டுக்கொண்டு, கண்ணாடிக்கடியில் அப்படியே மூடிவைத்தாள். பல ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின. கடைசியில் தட்டு மெல்ல ஆடி வடக்கில் வந்து நின்றபோது, அடுப்பில் பால் பொங்கி வழிவதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

பழைய காம்பஸ் சேகரிப்பவர்களுக்கு ஒரு வட்டம் இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை கூடுவார்கள். இந்த முறை பழவேற்காட்டு ஏரிக்கரையில். அது துர்காதேவியின் தாய் வீட்டு ஊர். அண்ணன் துலுக்காணம் படகை நிறுத்திவிட்டு, சொந்தபந்தத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு கரையில் வந்து நின்றுவிட்டான். "எந்தங்கச்சி சரி பண்ணது ஒரு மயிர்கூட தப்பாது" என்று டீக்கடை வரைக்கும் சொல்லி வைத்திருந்தான். அவனுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான்.

சோதனை எளிது. ஏரிக்கு நடுவே மணல்திட்டில் சிவப்புத் துணி கட்டிய மூங்கில் ஒன்று நட்டிருந்தது. கரையிலிருந்து அது எத்தனை டிகிரி என்று, சர்வே துறையில் இருந்து ஓய்வு பெற்ற பரசுராமன் காலையிலேயே தன் கருவியை வைத்து அளந்திருந்தார். ஒரு டிகிரிக்குள் சொல்லும் காம்பஸ் 'ஓடுவது' என்ற மேஜைக்குப் போகும். சொல்லாதது 'காட்சிக்கு மட்டும்'. சரி செய்தவர் தன் காம்பஸைத் தானே பார்க்கக் கூடாது. ஆசை கண்ணை இழுத்துவிடும் என்பதால் வேறொருவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு தடவை. பார்த்தவரே 'தப்பு என்னுடையது' என்று எல்லார் முன்னிலும் ஒப்புக்கொண்டு காரணமும் காட்டினால்தான் இன்னொரு தடவை.

துர்காதேவிக்காகப் பார்க்க வந்தவன் மணிகண்டன். வீட்டில் பழகிப் பார்க்கக் கூப்பிட்டபோது அவன் மசியவில்லை. "கிரேன்ல குந்திக்கினு கீழ கெடக்குற போல்ட்டக்கூட குறி வெச்சுத் தூக்குறவன் நானு. இந்த டப்பாவப் படிக்க எனக்கு ட்ரைனிங் வேணுமா?" என்றான். சரி, கண் கூர்மையான ஆள்தானே என்று அவளும் விட்டுவிட்டாள். ஆனால் கரையில் அவனுடைய பெல்ட், போன், பைக் சாவி, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். இரும்பு பக்கத்தில் இருந்தால் காம்பஸ் பொய் சொல்லும்.

மணிகண்டன் வலது கையில் வாங்கி, கட்டைவிரலை நுழைத்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தான். அவன் மூச்சுகூட விடவில்லை.

"எம்பது" என்றான்.

பரசுராமன் உதட்டைப் பிதுக்கினார். "எழுபத்தி நாலு வரணும்மா. ஆறு டிகிரி தள்ளுது. பரவால்ல, நல்லா பண்ணியிருக்கீங்க. காட்சிக்கு வெச்சிரலாம்."

காட்சிக்கு! துர்காதேவிக்கு முகமெல்லாம் பற்றி எரிந்தது. துலுக்காணம் தலையைத் திருப்பி ஏரியைப் பார்த்தான். அவளுக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. காம்பஸ் தப்பு என்று மட்டும் அவளுக்கு ஒரு நொடியும் தோன்றவில்லை.

"ஒய்ங்கா பாத்தியா நீ?" என்று பல்லைக் கடித்தாள்.

"கண்ணு அவிஞ்சா போச்சு எனக்கு? எம்பதுதான் காமிச்சுது" என்று அவனும் எகிறிக்கொண்டு காம்பஸை அவளிடம் நீட்டினான்.

அவள் வாங்கியபோது அவன் கை விலகியது. கை விலக விலக, உள்ளே தட்டு மெதுவாகத் திரும்பியது. அவள் அவன் கையைப் பிடித்து மறுபடி பக்கத்தில் கொண்டுவந்தாள். தட்டு அந்தப் பக்கம் சாய்ந்தது. நடுவிரலில் கருப்பாக ஒரு மோதிரம்.

குதிரை லாடத்தில் அடித்த மோதிரம். போன மாதம் யார்டில் ஒரு பாரம் அறுந்து அவன் கேபின் பக்கத்தில் விழுந்தது. ஏழரைச் சனி என்று சொல்லி, எல்லம்மா பெரியபாளையத்துப் பவானியம்மன் சந்நிதியில் வைத்து மாட்டிவிட்டாள். சனி விலகும்வரை கழற்றுவதில்லை என்று வேண்டுதல். சாவியைப் பிடுங்கியவளுக்கும், கொடுத்தவனுக்கும் அது இரும்பு என்றே தோன்றவில்லை. சாமிக்குப் போட்டது எப்படி இரும்பாகும்? போதாததற்கு, மணிகண்டன் தினமும் வேலை தொடங்குமுன் கிரேன் காந்தத்தை அந்தக் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஆள். கரண்ட் இல்லாதபோதும் அதில் கொஞ்சம் காந்தம் மிச்சம் இருக்கும். தொட்டுத் தொட்டு மோதிரமே காந்தமாகியிருந்தது.

மணிகண்டனுக்கும் புரிந்துவிட்டது. முகம் வெளுத்தது. மோதிரத்தைப் பிடித்துத் திருகப் போனான். கண்ணில் பயம் அப்பட்டமாகத் தெரிந்தது. அந்தப் பாரம் விழுந்த சத்தம் இன்னும் அவன் தூக்கத்தைக் கெடுப்பது துர்காதேவிக்குத் தெரியும். அவளுக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

"கழட்டாத" என்றாள். "பீச்சாங்கையில புடி. இந்தக் கைய முதுவுக்குப் பின்னாடி வெச்சிக்கோ."

"பீச்சாங்கையிலயா? நல்ல காரியத்துக்கு, இத்தினி பேரு எதிர்லயா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. நீ புடி."

ஆனால் இன்னொரு தடவை பார்க்க வேண்டுமானால் அவன் வாயைத் திறக்க வேண்டும். குறி தப்பாதவன் என்று யார்டே பேசும் ஆள். மச்சான் எதிரில், மாமனார் ஊரில், தப்பு என்னுடையது என்று சொல்ல வேண்டும். துர்காதேவி கேட்கவில்லை. அவள் 'காட்சிக்கு மட்டும்' மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மணிகண்டன் பரசுராமன் பக்கம் திரும்பினான். "சார், தப்பு என் கையிது. காம்பஸ் மேல தப்பே இல்ல" என்று கிரேனிலிருந்து கூப்பிடும் குரலில் சொன்னான். மோதிர விரலை எல்லாருக்கும் தெரியத் தூக்கிக் காட்டினான். பிறகு வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு இடது கையில் காம்பஸை ஏந்தினான்.

"எழுபத்தி நாலு!"

பரசுராமன் எழுந்தே வந்துவிட்டார். மறுபடி வலது கையில் பிடிக்கச் சொன்னார், எண்பது. இடது கை, எழுபத்து நாலு. தாமே வாங்கிப் பார்த்தார். "அரை டிகிரிகூடத் தள்ளலம்மா!" என்றார். துலுக்காணம் அடித்த விசிலில் கரையோரக் கொக்குகள் எல்லாம் எழுந்து பறந்தன. முறைக்குக் காத்திருந்தவர்களில் சிலர் தங்கள் விரல்களைப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் சோப்பு கிடைக்குமா என்று டீக்கடைக்கு ஓடினார்.

காம்பஸ் 'ஓடுவது' மேஜைக்குப் போனது. பக்கத்தில் வைக்கிற அட்டையில் எழுதுவதற்காகப் பரசுராமன் பேனாவைத் திறந்தார். "சரி பண்ணவங்க துர்காதேவி. பாத்துச் சொன்னவர் பேரு?"

சிப்காட் முழுக்க கிரேன் மணி என்றால் தெரியாதவர்கள் இல்லை. யாரிடமும் அப்படித்தான் சொல்லிக்கொள்வான். அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு,

"துர்காதேவி ஊட்டுக்காரன்னு போடுங்க சார்" என்றான்.