நாட்காட்டி அட்டைக்குப் பின்னால்

நீலப் பகடை உருள்கிறது, இருபது முகம் அதற்கு, எண்களின் பள்ளத்தில் நான் தேய்த்த வெள்ளைக் கிரேயான், நிற்கப்போகிற நேரத்தில் ஒரு கை வந்து மூடிக்கொள்கிறது, கையை எடுங்க ஞானம் சார், எடுங்க, என்று மனசுக்குள் கத்துகிறேன், நாற்பது வருஷம் கழித்துக் கத்துகிறேன், சற்று முன்தான் சொன்னார், புதுச்சேரியில் தன் மகன் வீட்டு மேசையில் அந்தப் பழைய ஆட்டப் பெட்டியைத் திறந்து வைத்து, காபியை ஆற்றிக்கொண்டே, டீச்சர், இப்ப சொன்னா என்ன, அந்தக் கயித்துப் பாலத்துல உங்களுக்கு விழுந்தது ஒண்ணு, நான்தான் பதினாலுன்னு சொன்னேன், அது மட்டுமா, எத்தனையோ தடவை, சொல்லிவிட்டு நான் நன்றி சொல்வேன் என்று காத்திருக்கிறார், காத்திருக்கட்டும், நெய்வேலியில் அப்போது ஞாயிறு மதியம், அவர் கணக்கு வாத்தியார், நான் அதே பள்ளியில் அறிவியல், சௌந்தரம் சார் சுரங்க ஆபீசில் வரைபடம் போடுகிறவர், ஞானம் சாரின் தம்பி, கப்பலில் வேலைபார்த்தவர், கொண்டுவந்த ஆட்டம், எல்லாம் பேச்சிலேயே, அவர் குகையைச் சொல்வார், நாங்கள் ஆளுக்கொரு கற்பனை ஆளைத் தாளில் எழுதிவைத்து அதற்குள் நடத்துவோம், பிழைத்தோமா செத்தோமா என்பதை நாட்காட்டி அட்டைக்குப் பின்னால் பகடை உருட்டிப் பார்த்து அவர்தான் சொல்ல வேண்டும், சௌந்தரத்துக்கு அது நாடகம், எழுந்து நின்று, அடேய் அரக்கா, உன் குடலை உருவி மாலையாகப் போடுகிறேன் என்று முழங்குவார், நான் பத்தடிக் கழியால் குகைத் தரையைத் தட்டித் தட்டிக் குழி பார்ப்பேன், கயிறு எத்தனை முழம், விளக்குக்கு எண்ணெய் இருக்கா, டீச்சர், நீங்க குகைக்கு வந்தீங்களா ரேஷன் கடைக்கு வந்தீங்களா என்பார் சௌந்தரம், நீங்க வசனம் பேசுங்க சார், நான் உசுரோட இருக்கேன்.

சௌந்தரத்தின் ஆள் முழங்கிக்கொண்டே குழியில் விழுந்து செத்த அன்று நான் சிரித்தேன், தட்டிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்ல சார், என்றேன், அவர் தன் ஆளின் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்து, டீயைக்கூடத் தொடாமல் போனார், பிறகு வரவேயில்லை, போன ஆடியில் அவர் இறந்த சேதி வந்தபோதும் கவனமில்லாத மனுஷன் என்றுதான் நினைத்தேன், அந்த நினைப்பை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவேன் இப்போது, சௌந்தரம் சாருக்கு மட்டும் ஏன் சார் மாத்திச் சொல்லல என்கிறேன், அவனுக்குச் சாவு ஒரு கதை டீச்சர், ரசிப்பான்னு நெனச்சேன், நீங்க அப்பதான் வீட்டுக்காரரை இழந்திருந்தீங்க, ஆமாம், மஞ்சள் காமாலை, பதினொரு நாள், அதன்பின் குடியிருப்பு முழுக்க என்னைப் பொத்திவைக்கும் கைகள்தான், தலைமையாசிரியர் என் வகுப்புகளைக் குறைத்தார், என் வாசலில் கூவாமல் போகச் சொல்லிப் பூக்காரியிடம் பக்கத்து வீட்டம்மா கிசுகிசுத்தாள், அந்தக் குகையில் மட்டும்தான் எனக்கும் மற்றவருக்கும் ஒரே குழி, ஒரே பாம்பு என்று நம்பிப் போனேன், என் கழியால் நான் பிழைத்தேன் என்று நம்பினேன், அங்கேயும் உங்கள் கையா.

போடுங்க சார், அதே பாலம், அஞ்சுக்கு மேல விழணும், அட்டை வேண்டாம், என்ன டீச்சர் இது, வெறும் வெளையாட்டுதானே, வெளையாட்டுன்னா எதுக்குப் பொய் சொன்னீங்க, போடுங்க, அவர் பகடையை எடுக்கிறார், பாலம் ஆடுகிறது, கீழே ஆறு இரைகிறது, நான் நடுப்பாலத்தில் நிற்கிறேன், முப்பது வயது, கையில் கழி, பகடை உருள்கிறது, பழைய பழக்கத்தில் அவர் கை முன்னால் வருகிறது, பளீரென்று தட்டிவிடுகிறேன், மூணு. இல்ல டீச்சர், மேசை சரிவா இருக்கு, இன்னொரு தடவை, வேண்டாம், செத்துட்டேன், எழுதுங்க. பெட்டியிலிருந்த என் தாளில் அவர் எழுதுகிறார், வாங்கி நான்காக மடித்துக் கைப்பையில் வைக்கிறேன், என் காபி ஆடை படிந்து கிடக்கிறது, தொடவில்லை, வாசல்வரை வந்து திரும்பிப் பார்க்கிறேன், மேசைமேல் நீலப் பகடை, வெள்ளையாய் மூணு, அதன்மேல் யார் கையும் இல்லை.