பின் சீட்டுக்கு இரண்டு பெல்ட்

என் வண்டிக்கு அறுபத்திரண்டு வயது. என்னைவிட இரண்டு வயது இளசு. அது பிறந்த காலத்தில் சீட் பெல்ட்டைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ஏறினார்கள், கதவை அறைந்து சாத்தினார்கள், போனார்கள். இதை என் மகளிடம் சொன்னால், "போனவங்க எல்லாரும் திரும்பி வந்தாங்களாப்பா?" என்று கேட்கிறாள். வாயா அது! என்னை அப்படியே உரித்து வைத்துப் பிறந்திருக்கிறாள், யாரை நொந்து என்ன பயன்?

ஒரு வார லீவில் வந்திருந்தாள், நான்கு வயதுப் பேத்தியோடு. பேத்தியை நான் கூப்பிடுவது வாலு என்று. வாலு பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட என் வண்டியில் ஏறியதில்லை. கல்யாண மாப்பிள்ளைகள் ஏறியாயிற்று, பத்திரிகைக்காரர்கள் ஏறியாயிற்று, எதிர்வீட்டு நாய்கூட ஏறிப் படுத்துவிட்டது. சொந்தப் பேத்திக்கு மட்டும் தடை.

"பெல்ட் இல்லாத வண்டியில என் புள்ளைய ஏத்த மாட்டேம்பா. அவளோட குட்டி சீட்டைக் கட்டுறதுக்காவது பின்னாடி ரெண்டு பெல்ட் போடுங்க. போட்டீங்கன்னா ஞாயித்துக்கிழமை ஏரி வரைக்கும் போலாம்" என்றாள். திங்கட்கிழமை அவர்கள் ஊருக்குக் கிளம்புகிறார்கள். அடுத்து எப்போது வருவாய் என்று கேட்டால் "பாக்கலாம்பா" என்பாள். அந்தப் "பாக்கலாம்" போன முறை மூன்று வருடம் ஆயிற்று.

இரண்டு பெல்ட்தானே, என்ன பெரிய விஷயம் என்று கிளம்பினேன். முதல் கடைக்காரன் வண்டியின் மாடலைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, "அப்படி ஒரு வண்டியே இல்லைன்னு வருதே சார்" என்றான். பிறகு வாசலில் நிற்பது என்ன, பேயா? இரண்டாவது கடையில் கொடுத்த பெல்ட் என் இடுப்புக்குக்கூடப் போதாது. மூன்றாவது கடையில் சரியானது கிடைத்தபோது புதன்கிழமை முடிந்துவிட்டது.

வியாழக்கிழமை மெக்கானிக்கிடம் போனேன். அவனை எல்லோரும் நத்தை என்றுதான் சொல்வோம். வேலை சுத்தம், வேகம் மட்டும் கேட்கக் கூடாது. பின் சீட்டைக் கழற்றினான், தரைவிரிப்பைச் சுருட்டினான், தரையை ஸ்க்ரூடிரைவரால் தட்டினான். ஒரு இடத்தில் அழுத்தினான். முனை உள்ளே இறங்கிவிட்டது.

"சார், இது தகரம் இல்ல. பட்டி."

எனக்குத் தெரியாதா? வைத்தவனே நான்தான். ஒன்பது வருடத்துக்கு முன்னால் பழைய வண்டிகளுக்கான போட்டி ஒன்று நடந்தது. தரையில் அங்கங்கே துரு. அதை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைக்கப் பொறுமையில்லை. ஓட்டை அடைக்கிற பட்டிப் பசையைப் பூசித் தேய்த்து, மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். நடுவர் அடியில் கண்ணாடி நீட்டிப் பார்த்தும் கண்டுபிடிக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து முதல் பரிசும் வாங்கினேன். ஆனால் பட்டிக்கு அடியில் துரு சும்மா இருக்குமா? இப்போது பாதித் தரையைக் காணோம்.

"யானையக் கட்டுற பெல்ட்டா இருந்தாலும் போல்ட் பிடிக்க இடம் வேணும்ல சார்? எங்கயாவது மோதுச்சுன்னா சீட்டு, பெல்ட்டு, குழந்தை எல்லாம் சேர்ந்து முன்னாடி வந்துரும். தரையை வெட்டிட்டு புது ஷீட் வெல்டிங் பண்ணணும். மூணு வாரம் ஆகும்."

"மூணு நாள்தான்யா இருக்கு!"

"அப்ப மாட்ட வேணாம்."

"நீ மாட்டு. நான் பாத்துக்கறேன்."

"நான் மாட்ட மாட்டேன் சார்."

கத்தினேன். கெஞ்சினேன். மறுபடி கத்தினேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டு, அதே நத்தை வேகத்தில், கழற்றிய சீட்டைத் திரும்ப வைத்தான். ஆத்திரத்தில் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை நானே மாட்டினேன். உள்ளங்கை அகலத்துக்கு வாஷர் வாங்கி வந்து, மேலே ஒன்று, கீழே ஒன்று வைத்து நான்கு போல்ட்டையும் முறுக்கினேன். இழுத்துப் பார்த்தேன், நின்றது. "நிக்குது பாரு! பெரிசா சொல்ல வந்துட்டான்" என்று ஆளில்லாத ஷெட்டில் சத்தமாகச் சொன்னேன். இன்னும் பலமாக இழுத்துப் பார்த்திருக்கலாம். இழுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மகள் குட்டி சீட்டைப் பின்னால் வைத்து, முழங்காலால் அழுத்திக்கொண்டு பெல்ட்டை இறுக்கினாள். நான் முன் கண்ணாடியைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். வாலுவை உட்கார வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தவள், "பரவாயில்லையேப்பா. பிடிச்ச பிடியை விட மாட்டீங்க, எங்க போடப் போறீங்கன்னு நெனச்சேன். எனக்காகப் போட்டுட்டீங்க" என்றாள். இப்படி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து எத்தனை வருடமாயிற்று! நான் சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பினேன்.

"தாத்தா, வேகமாப் போ!" என்று வாலு காலை உதைத்தாள்.

தெருமுனை வரைதான் போனோம். குறுக்கே ஒரு சைக்கிள் வந்தது. பிரேக்கை மெல்லத்தான் அழுத்தினேன். பின்னால் தரையிலிருந்து 'மொறுக்' என்று ஒரு சத்தம். வாலு போட்ட கூச்சலில் அவர்களுக்கு அது கேட்டிருக்காது, எனக்குக் கேட்டது. வண்டியை ஓரம்கட்டினேன்.

"இறங்குங்க."

"என்னாச்சுப்பா?"

"பெல்ட் நிக்காது. கீழ தரையெல்லாம் துரு. மேல வெறும் பட்டிதான்."

அவள் கை வாலுவின் நெஞ்சுக்குக் குறுக்கே போய் நின்றது.

"எப்பத் தெரியும்?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"வியாழக்கிழமை."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அது எங்களுக்குப் பழக்கம்தான். வாலுவின் பட்டையைக் கழற்ற இரண்டு தடவை முயன்றாள், விரல் வழுக்கியது. மூன்றாவது தடவை கழன்றது. "ஏரிக்குப் போணும்" என்று அழுத குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

நானும் இறங்கிப் பின்னாலேயே நாலு எட்டு ஓடினேன். "அதான் சொல்லிட்டேன்ல! மறைச்சா வச்சேன்? சொல்லிட்டேன்ல!"

அவள் நின்று, குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, திரும்பாமலே சொன்னாள்.

"ஏத்தினதுக்கு அப்புறம் சொன்னீங்க."