மெட்டு ஏறிப் போன கேள்விகள்

கோம்பை மாரீஸ்வரி தன் மகன் தமிழ்மாறனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஜீப் கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறி முடிக்கிற வரைக்கும் நிறுத்தமாட்டாள். ஏலத்தோட்டத்து வேலைக்கு ஆள் கொண்டுபோகும் ஜீப் அது. காலை ஆறு மணிக்குப் பண்ணைப்புரத்தில் கிளம்பி, கோம்பையில் மீதி ஆளை ஏற்றிக்கொண்டு, கம்பம் தாண்டி மலை ஏறும். பதினான்கு பெண்கள் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். காதைப் பொத்திக்கொள்ளக்கூடக் கையைத் தூக்க இடம் கிடையாது.

அந்த ஆடி மாதத்தில் அவளுக்குப் புதிதாக ஒரு சேதி கிடைத்திருந்தது.

"ஜெபமணி சார் சொல்லிட்டாக. இந்த வருசம் ஊரகத் திறனாய்வுத் தேர்வுல எங்க பள்ளிக்கூடத்துல யாரு பேரு வருதோ வரலையோ, தமிழ்மாறன் பேரு வந்துருமாம்."

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் வைக்கும் தேர்வு அது. தேறினால் பன்னிரண்டாவது முடிகிற வரைக்கும் உதவித்தொகை. தொகை பெரிதில்லை, பெயர்தான் பெரிது. மாவட்டப் பட்டியலில் பெயர் வந்துவிட்டால் பள்ளிக்கூட வாசலில் போட்டோவோடு பேனர் கட்டுவார்கள். அந்த பேனரில் மகனுக்கு எந்தச் சட்டை போட்டு போட்டோ எடுப்பது என்றுவரை மாரீஸ்வரி முடிவு செய்து வைத்திருந்தாள்.

"எம் மகளும் எழுதுது," என்று பின்பக்க மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது.

பஞ்சம்மாள். பண்ணைப்புரத்துக்காரி. மாரீஸ்வரியைவிட நாலைந்து வயது மூத்தவள். அந்த ஜீப்பில் வர ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகியும் அவள் பத்து வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை.

"உங்க மகளா? எங்கன படிக்குது?"

"எங்க ஊர்லதான். சிம்ரன்னு பேரு."

"நல்லாப் படிக்குமோ?"

பஞ்சம்மாள் கேட்டாள்: "உம் மகன்ட்ட ஒண்ணு கேட்டுட்டு வாரியா மாரி? ஒரு எண்ணோட மூணுல ஒரு பங்கு, அதே எண்ணோட நாலுல ஒரு பங்கைவிட ஏழு கூட. அது எந்த எண்ணு? நேத்து சிம்ரன் போட்டுட்டிருந்துச்சு."

ஓட்டுநர் சுருளிராஜன் கண்ணாடி வழியாக ஒரு தடவை பின்னால் பார்த்துக்கொண்டான். மாரீஸ்வரி ஒன்பதாவது வரை படித்தவள். சோற்றுப் பையைத் துழாவி ஒரு பேனாவை எடுத்து, கேள்வியை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். பகல் முழுக்க ஏலக்காய் பறித்ததில் பாதி அழிந்துபோனாலும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து சேர்கிற அளவுக்கு மிச்சம் இருந்தது. தமிழ்மாறன் காகிதமே எடுக்காமல் விடை சொன்னான். எண்பத்து நான்கு.

மறுநாள் காலையில் அந்த எண்பத்து நான்கை மாரீஸ்வரி சாமி ஊர்வலம் மாதிரி ஜீப்புக்குள் கொண்டுவந்தாள். கூடவே ஒரு துண்டுச் சீட்டும் கொண்டுவந்தாள். புத்தகத்தில் இருப்பதிலேயே கஷ்டமான ஒன்றைக் கேட்டு வாங்கி, தன் கையாலேயே எழுதியது. எல்லாரும் கேட்கும்படி அதை ஒருமுறை வாசித்துவிட்டுப் பஞ்சம்மாளிடம் நீட்டினாள்.

"நாளைக்கு விடை வேணும்க்கா."

பஞ்சம்மாள் சீட்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். மறுநாள் விடை வந்தது. கூடவே ஒரு புதுக் கேள்வியும் வந்தது.

அப்படித் தொடங்கியது, அதற்குப் பிறகு நிற்கவில்லை. பஞ்சம்மாள் ஒருநாளும் சீட்டுக் கொண்டுவந்தது கிடையாது. வாயால் ஒரே ஒரு தடவை சொல்லுவாள். எழுதிக்கொள்வது மாரீஸ்வரியின் பாடு. 'என்ன ஒரு திமிரு, ஒரு காகிதத்துல எழுதிக் கொண்டாந்தா கை தேஞ்சுபோகுமா' என்று மாரீஸ்வரிக்கு உள்ளுக்குள் புகையும். நிறையப் படித்தவளாக இருப்பாள், அதுதான் இந்த மிதப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

ஆவணியில் ஒரு கேள்வி வந்தது. மூன்றரை மணிக்குக் கடிகாரத்தின் பெரிய முள்ளுக்கும் சின்ன முள்ளுக்கும் நடுவில் எத்தனை பாகை? தமிழ்மாறன் யோசிக்காமல் தொண்ணூறு என்றான். அவள் அதை அப்படியே ஜீப்பில் கொண்டுபோய் வைத்தாள்.

"இல்ல. எழுவத்தஞ்சு," என்றாள் பஞ்சம்மாள்.

"அதெப்படி? மூணுக்கும் ஆறுக்கும் நடுவுல தொண்ணூறுதான?"

"பெரிய முள்ளு ஆறுக்கு வர்ற வரைக்கும் சின்ன முள்ளு மூணுலயே சும்மா நிக்குமா? அதுவும் பாதி தூரம் நாலப் பாத்துப் போயிருக்கும்ல. அந்தப் பதினஞ்சக் கழிச்சிரு."

சுருளிராஜன் ஸ்டியரிங்கில் ஒரு தட்டுத் தட்டினான். "இன்னிக்குப் பண்ணைப்புரம் ஜெயிச்சிருச்சு," என்றான். அன்றிலிருந்து தினமும் யார் ஜெயித்தார்கள் என்று தீர்ப்புச் சொல்வது அவன் வேலையாகிவிட்டது.

அந்தத் தோல்வி தமிழ்மாறனைத் தைத்தது. பள்ளிக்கூடம் விட்டதும் செல்போனைத் தூக்கிக்கொண்டு உட்காருகிறவன், இப்போது ஜெபமணி சாரிடம் போய் நின்றான். யாரோ முகம் தெரியாத ஒரு பெண் தன்னை மடக்கிவிட்டாள் என்பதை அவனால் தாங்க முடியவில்லை. "எம்மா, நீ அந்த அம்மாட்ட விடை மட்டும் கேக்காத. எப்படி வந்துச்சுன்னும் கேட்டுட்டு வா," என்றான். மாரீஸ்வரி கேட்டுக்கொண்டு வந்தாள். பஞ்சம்மாளும் எப்படி என்று சொன்னாள். படங்களின் வரிசையில் அடுத்தது எது என்கிற கேள்வியாக இருந்தால், மதியச் சோற்று நேரத்தில் காய்ந்த சருகையும் ஏலக்காயையும் சாக்கின்மேல் வரிசையாக அடுக்கிக் காட்டுவாள். அடுத்த கட்டத்தில் எந்தக் காய் எந்தப் பக்கம் திரும்பும் என்று கேட்பாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலையில் மாரீஸ்வரி கொடுத்த கேள்வி நீளமானது. மலைமேல் பகல் முழுக்கக் கொட்டித் தீர்த்தது. பிளாஸ்டிக் உறையைத் தலையிலிருந்து கால்வரை போர்த்தியும் எல்லாரும் நனைந்துபோனார்கள். சாயங்காலம் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தபோது பஞ்சம்மாள் இடுப்பிலிருந்து எடுத்தது சீட்டாக இல்லை, வெறும் கூழாக இருந்தது.

"குடுங்கக்கா, வேற எழுதித் தாரேன்," என்று மாரீஸ்வரி பேனாவைத் தேடினாள்.

"வேணாம். காலையில நீ வாசிச்சயே, அது இருக்கு."

"எங்கன இருக்கு?"

பஞ்சம்மாள் சொன்னாள். "ஒரு தொட்டிய ஒரு கொழாய் நாலு மணி நேரத்துல ரொப்பும். இன்னொரு கொழாய் ஆறு மணி நேரத்துல ரொப்பும். அடியில இருக்கிற மூணாவது கொழாய் நெறஞ்ச தொட்டியப் பன்னெண்டு மணி நேரத்துல காலி பண்ணும். மூணையும் ஒரே நேரத்துல தொறந்து விட்டா, காலித் தொட்டி எத்தன மணி நேரத்துல ரொம்பும்?"

ஒரு சொல் விடுபடவில்லை. மாரீஸ்வரிக்குத் தான் எழுதிய கேள்வியே அந்த வரிசையில் ஞாபகம் இல்லை.

"அப்ப நான் குடுக்குற சீட்டு எதுக்குக்கா?"

பஞ்சம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "நீ ஆசையா எழுதிக் குடுக்குற, வேணாம்னா சொல்ல முடியும்? எனக்கு அதுல ஒரு எழுத்துத் தெரியாது மாரி. நான் பள்ளிக்கூட வாசல மிதிச்சதே இல்ல. காலையில நீ வாசிக்கிறப்பப் பிடிச்சுக்கிருவேன். காய் எடுக்குறப்ப செடிக்கு ஒரு தடவ சொல்லிக்கிட்டே போவேன். சாயங்காலம் சிம்ரன் சீட்டப் பாத்து, சரியாச் சொன்னனான்னு எனக்கு மார்க் போடும்."

செடிக்குச் செடி அவள் உதடு அசைவதைத் தோட்டத்தில் எல்லாரும்தான் பார்த்திருக்கிறார்கள். ஏதோ வேண்டுதல், சாமி பேரைச் சொல்கிறாள் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டதுண்டு. மலையாளத்து மேஸ்திரிகூட ஒருநாள், "சேச்சி பிரார்த்தனையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"அப்ப அந்தக் கடிகாரக் கணக்கு? பதினஞ்சக் கழின்னு சொன்னது?"

"சிம்ரன் எனக்குச் சொல்லும். எனக்கு வெளங்குற வரைக்கும் விடமாட்டேன். எனக்கே வெளங்குற மாதிரி சொல்லிட்டா அதுக்கு நல்லாத் தெரிஞ்சிருச்சுன்னு அர்த்தம்ல. வேற எப்படி நான் பாடம் கேக்குறது?"

மெட்டு இறங்குகிற வரைக்கும் மாரீஸ்வரி வாய் திறக்கவில்லை. மற்ற பெண்கள், காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒன்பது வருடம் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள். எண்பத்து நான்கு எப்படி வந்தது என்று இன்றுவரை மகனிடம் கேட்டதில்லை. விடையைத் தூக்கிக்கொண்டு ஓடியதோடு சரி. பஞ்சம்மாளோ நான்கு மாதமாக, எழுத்துத் தெரியாத குறையை யாருக்கும் காட்டாமல், இத்தனை கணக்கையும் தலையில் தூக்கி மலை ஏறி இறங்கியிருக்கிறாள். அதைப் போய்த் திமிர் என்று நினைத்தோமே.

விஷயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து கேள்வியை இரண்டு தடவை வாசித்தாள், நிறுத்தி நிறுத்தி. வீட்டில் மகனை எதிரே உட்கார வைத்து, "எனக்கு வெளங்குற மாதிரிச் சொல்லுடா," என்றாள். அவன் முதலில் முகத்தைச் சுளித்தான். சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோதுதான் தனக்கே பாதி தெரியவில்லை என்று அவனுக்குப் புரிந்தது.

தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கையில் ஜெபமணி சார் ஒரு விஷயத்தைச் சொல்லி அனுப்பினார். மாரீஸ்வரி அதை ஜீப்பில் வந்து சொன்னாள்.

"எக்கா, மாவட்டத்துக்கு அம்பது பையன், அம்பது பொண்ணாம். லிஸ்டே தனித்தனியாம். எம் மகனுக்கும் உங்க மகளுக்கும் போட்டியே கெடையாதாம்ல."

பதினான்கு பேரும் சிரித்தார்கள். சுருளிராஜன் வண்டியையே ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

"அதுக்காக நிறுத்திருவமா?" என்றாள் பஞ்சம்மாள். நிறுத்தவில்லை.

தேர்வு நடந்தது. காய் எடுப்பு குறைந்து களையெடுப்பு வந்தது. பிறகு ஒருநாள் சாயங்காலம் மாரீஸ்வரி வீட்டுக்கு வந்தபோது தமிழ்மாறன் வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். பட்டியல் வந்துவிட்டது. பெண் பிள்ளைகள் பட்டியலில் சிம்ரன் பெயர் இருந்தது. பையன்கள் பட்டியலை மூன்று தடவை பார்த்தானாம். அவன் பெயர் இல்லை.

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்தச் செய்தி வந்தால் என்ன பேச வேண்டும் என்று அவள் யோசித்து வைத்ததே இல்லை.

"நான் ஊர் பூரா சொல்லித் திரிஞ்சேன்லடா. அதுதான் உனக்கு ரொம்ப வலிக்குதா?"

"அதெல்லாம் இல்ல," என்றவன் கொஞ்சம் கழித்து, "கொஞ்சம் வலிக்குது," என்றான். பிறகு சொன்னான்: "எம்மா, அந்தப் பிள்ளைய எனக்குப் பாக்கணும். கடைசிப் பகுதியில எனக்கு நேரமே பத்தல. அது எப்படி முடிச்சுச்சுன்னு கேக்கணும்."

மறுநாள் காலை ஜீப் வந்து நின்றபோது பஞ்சம்மாள் தன் பக்கத்தில் இடம் போட்டு வைத்திருந்தாள். மகள் தேறிய சந்தோஷத்தைக்கூட முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜீப்பே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. கோம்பை எல்லையைத் தாண்டியதும் மாரீஸ்வரிதான் ஆரம்பித்தாள்.

"எல்லாரும் என்ன ஊமையாகிட்டீக? பஞ்சம்மா அக்கா மக மாவட்ட லிஸ்ட்டுல வந்திருக்கு. தனியார் பள்ளிக்கூடமில்ல, டியூசன் இல்ல. தெரியுமா உங்களுக்கு?"

பிறகு அவள் நிறுத்தவில்லை. சிம்ரன் கேட்ட கேள்விகளை, கடிகாரத்தை, சாக்கின்மேல் அடுக்கிய ஏலக்காயை, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். பஞ்சம்மாள் படிக்காதவள் என்பதை மட்டும் சொல்லவில்லை. ஒரு கட்டத்தில் பஞ்சம்மாளே முழங்கையால் இடித்து, அதையும் தன் வாயாலேயே சொல்லிவிட்டாள். கம்பத்தில் சுருளிராஜன் வண்டியை நிறுத்தி, எல்லாருக்கும் டீ சொன்னான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாரீஸ்வரி மகனைக் கூட்டிக்கொண்டு பண்ணைப்புரம் போனாள். தமிழ்மாறன் கையில் ஒரு நோட்டு இருந்தது. பஞ்சம்மாள் வீட்டு முற்றத்தில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஒல்லியாக, அவனைவிட ஒரு சாண் குள்ளம். அவனைப் பார்த்ததும் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"தொட்டிக் கணக்கு அனுப்புனது நீதான? மூணு மணி நேரம். அதுக்கு நான் ஒரு குறுக்கு வழி கண்டுபிடிச்சேன், காட்டவா?"

"காட்டு," என்று அவன் நோட்டை நீட்டினான்.

இரண்டும் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்துவிட்டன. பதினொன்றாவதில் இன்னொரு திறனறித் தேர்வு இருக்கிறதாம், அதற்கு இப்போதிருந்தே படித்தால் என்ன என்கிற பேச்சு வந்தது. பேச்சு வேகமாகப் போனது. இவன் ஒன்று சொல்ல அவள் அடித்துத் திருத்த, அவன் திரும்ப எழுத, பெற்றவர்கள் அங்கே நிற்பதையே மறந்துவிட்டார்கள்.

பஞ்சம்மாள் காப்பி டம்ளரை மாரீஸ்வரி கையில் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள்.

"மாரி, என்னமோ எக்ஸு, வொய்யுங்குதுக. உனக்கு ஏதாச்சும் வெளங்குதா?"

"ஒண்ணும் வெளங்கலக்கா."

"போய்க் கேப்பமா?"

இருவரும் காப்பியோடு போய்ப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார்கள்.