சீர்வாழை

1976 ஐப்பசியில் லீமாவின் வயிற்றுப் பிள்ளை ஐந்தாம் மாதத்தோடு வளர்வதை நிறுத்திக்கொண்டது. செத்துவிடவில்லை, உதைத்தது, புரண்டது, ஆனால் ஆறாம் மாதத்துக்குப் போகவில்லை. அதே வாரத்தில் அவள் வீட்டுக்குப் பின்னால் இருந்த மலைவாழையும் வளராமல் நின்றது. விரிய வேண்டிய இலைகள் உச்சியில் குறுகி விறைத்து, கொத்தாக முட்டிக்கொண்டு நின்றன.

அந்த வாழை அவளுடைய கல்யாணச் சீர். பழனிமலையின் கீழ்ச்சரிவில் இருந்த அவ்வூரில், பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் தகப்பன் தன் தோட்டத்துக் கன்று மூன்றைத் தோளில் சுமந்துவந்து மாப்பிள்ளை வீட்டில் நடுவார். சீர்வாழையில் கன்று கேட்டு வருபவர்களுக்கு இல்லை என்று சொல்லக்கூடாது. லீமாவின் அப்பா உபகாரம் இலைக்காம்பில் கரும்பச்சைக் கோடு ஓடிய கன்றுகளாகப் பார்த்து எடுத்தார், அதுதான் ஊட்டம் என்று நினைத்து. பாவம், நல்ல மனுஷன். நோயைத்தான் பொறுக்கி எடுத்திருந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் லீமா கன்று கொடுத்தாள். ஊர் முழுக்க வாழைகள் குட்டையாக நின்றன.

வத்தலக்குண்டிலிருந்து வந்த விவசாய அதிகாரி சுப்புராஜ் காம்பைக் கிள்ளிப் பார்த்தார். "முடிக்கொத்து நோய்ம்மா. வைரஸ். உசிருள்ளதுன்னும் சொல்ல முடியாது, இல்லேன்னும் சொல்ல முடியாது. ஒரு சட்டை, அதுக்குள்ள ஒரு சீட்டு, அம்புட்டுத்தான். 'என்னைய மாதிரியே செய்யி'ன்னு சீட்டுல இருக்கும். வாழை தன் சோலியெல்லாம் விட்டுட்டு அதையே செஞ்சுக்கிட்டுக் கெடக்கும்" என்றார். தாய்மரத்திலிருந்து கன்றுக்குப் போகும். தோட்டத்திலிருந்து தோட்டத்துக்குக் கறுப்பு அசுவினிப் பூச்சி கொண்டுபோகும். மருந்து கிடையாது. கிழங்கோடு தோண்டி எரிக்க வேண்டியதுதான்.

ஊர் தோண்டியது. லீமாவின் வாழையை மட்டும் யாரும் தொடவில்லை. அதை எடுத்தால் பிள்ளை போய்விடும் என்று எல்லோருக்கும் பயம், லீமாவுக்கு எல்லோரையும்விட. மற்றவர்கள் எங்கிருந்தோ நல்ல கன்று வாங்கி நடுவார்கள். அசுவினி அவள் வாழையில் குடித்துவிட்டு அங்கே போய் உட்காரும். மறுமழைக்குள் அதுவும் நின்றுவிடும். இப்படி எட்டு வருடம். பழனிக்குப் பஞ்சாமிர்தப் பழம் அனுப்பிய ஆட்கள் கொடைக்கானலுக்கு ஓட்டல் வேலைக்குப் போனார்கள். உபகாரம் அந்தக் குற்ற உணர்விலேயே செத்தார். லீமாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவளை அரித்தது.

"போதுங்க. எம்புள்ள ஒண்ணுக்காக எத்தன வீட்டு அடுப்பு அணையிறது?" என்று ஒருநாள் புருஷனிடம் கேட்டாள். அவளே கடப்பாரையால் கிழங்கைத் தோண்டி, சீமெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினாள்.

மறுநாள் பிள்ளை ஆறாம் மாதத்துக்குப் போனது. ஊரில் புதுக்கன்றுகள் இலை விரித்தன. அந்த நாலு மாதமும் லீமா சிரித்த முகமாகத் திரிந்தாள். பிறந்த பெண்குழந்தை ஏழு முறை மூச்சு விட்டது. மருத்துவச்சி கித்தேரியம்மாள் அடுக்களைத் தண்ணீரை ஊற்றி, ஜோசப்பின் என்று அவசர ஞானஸ்நானம் கொடுத்தாள். அதோடு அடங்கிவிட்டது.

கல்லறைப் பதிவேட்டில் வயது என்ற கட்டத்துக்கு வந்ததும் பங்குச் சாமியாரின் பேனா நின்றது.

"ஒரு நாளுகூட இல்லைங்க, சாமி" என்றாள் மருத்துவச்சி.

"எட்டு வயசு, சாமி" என்றாள் லீமா. "நாந்தான சொமந்தேன்."

சாமியார் எட்டு என்று எழுதினார். சாட்சிக்கு நின்ற ஊர்க்காரர்கள் அதன்கீழே கையெழுத்துப் போட்டார்கள்.