பளபளப்பை எடுக்க வந்தவர்

பன்னிரண்டு வருஷமாக மருமகள் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் பார்ப்பது முகத்தை அல்ல, தரையை. அவர்கள் வீட்டுப் பளிங்கு மினுமினுவென்று இருந்துவிட்டால் போதும், அன்று முழுக்க அவளுக்கு வயிற்றெரிச்சல். அவள் வீட்டிலும் பளிங்குதான். என்ன பிரயோசனம்? நாற்காலி இழுத்த கோடும் டீ கொட்டிய வட்டமுமாக அழுது வடிந்துகொண்டு கிடந்தது. கணவனிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் அவளே நாலு இடத்தில் விசாரித்து ஒரு பாலிஷ்காரரைப் பிடித்தாள்.

அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது, எல்லோரும் கூப்பிடுவது 'கண்ணாடி' என்றுதான். வந்தவர் காபி வேண்டுமா என்று கேட்பதற்குள் கூடத்தில் குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தரையை நீளவாக்கில் பார்த்தார்.

"யாரோ எலுமிச்சம்பழம் தேய்ச்சுக் கழுவியிருக்காங்க" என்றார்.

மருமகள் அவசரமாகக் காபி போடப் போனாள். தேய்த்தது சாட்சாத் அவள்தான்.

"பளிங்குக்குப் புளிப்பு ஆகாதும்மா, அரிச்சுடும். பரவாயில்ல, மூணு நாள் குடுங்க. மேல எரியற ட்யூப் லைட் கீழயும் எரியும். அதுல ஒரு வளைவு தெரிஞ்சாலும் என் பேரை மாத்திக்கறேன்."

மூன்று நாளும் வீடு ரெண்டுபட்டது. சொரசொரப்பான ஐம்பதாம் நம்பர் தகட்டை மெஷினில் மாட்டி ஆரம்பித்தவர், நூறு, இருநூறு, நானூறு என்று ஏறிக்கொண்டே போய் மூவாயிரத்தில் முடித்தார். நம்பர் ஏற ஏறத் தகடு நைசாகும், கல்லும் மினுங்கும். தரையெல்லாம் வெள்ளைச் சேறு, காதெல்லாம் இரைச்சல்.

அந்த மூன்று நாளும் மாமனார் அறையை விட்டு வெளியே வரவில்லை. அவருக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆகி ஐந்து வாரம். மெஷின் வருவதற்கு முந்தின நாள் வரை காலையும் மாலையும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, தன் அறையிலிருந்து கூடத்து ஜன்னல் வரை நடந்துகொண்டிருந்தார். தினமும் நடக்க வேண்டும், நடக்காவிட்டால் கால் சதை வற்றிவிடும், அப்புறம் படுத்த படுக்கைதான் என்று பிசியோதெரபிக்காரப் பெண் கறாராகச் சொல்லியிருந்தாள்.

நான்காம் நாள் தரை ஜொலித்தது. மருமகள் நடுக் கூடத்தில் நின்று குனிந்தால் அவள் மூக்குத்தி வரைக்கும் தெரிந்தது. சந்தோஷத்தில் ரெண்டு பக்கத்து வீடுகளையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினாள். பேச்சு என்னவோ காய்கறி விலையைப் பற்றித்தான். கண் மட்டும் அவர்கள் தரையைப் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தது.

மாமனார் மட்டும் தன் அறை வாசற்படி வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனார்.

"இன்னிக்கு முட்டி வலிக்குது அம்மாடி."

மறுநாள் தலை கிறுகிறுப்பு. அதற்கு மறுநாள் குதிகால். முப்பது வருஷம் ஆபீசில் தனக்குக் கீழே இருந்தவர்கள் சொன்ன சாக்கையெல்லாம் மனுஷன் பத்திரமாகச் சேர்த்து வைத்திருந்தார் போலும். பிசியோதெரபிக்காரப் பெண் அவர் தொடையைப் பிடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "இன்னும் ஒரு வாரம் இப்படியே போச்சுன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாதுக்கா" என்று தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். கணவனோ, "அப்பாவுக்குப் பிடிவாதம்" என்று ஒரே வரியில் கேஸை முடித்துவிட்டான்.

அடுத்த நாள் சாயங்காலம் அவள் சமையலறையில் இருந்தாள். வாக்கர் தட்டும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். மாமனார் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அறை வாசற்படியில் நின்றிருந்தார். தரைக்குள்ளே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் பைஜாமாவை ஒரு கையால் முழங்கால் வரை தூக்கிக்கொண்டார், தண்ணீரில் இறங்கப் போகிறவர் போல. ஒரு காலை வைத்தார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அப்படியே திரும்பிப் போய்ப் படுத்துவிட்டார்.

அடப்பாவமே, பயந்துபோயிருக்கிறார் மனுஷன். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு உடம்பில் ஒவ்வொரு இடமாக வலியைத் தேடிக்கொண்டிருக்கிறார். தரைவிரிப்பு போடலாமா என்றால், வாக்கர் தடுக்கும், கூடவே கூடாது என்று டாக்டர் உத்தரவு. அன்று அவள் தரையைப் பார்க்கவேயில்லை. பார்த்தால் மனசு மாறிவிடும் என்று பயம். மறுநாள் காலை போன் செய்தாள்.

"அண்ணே, பாலிஷை எடுக்கணும்."

"எங்கயாவது மங்கிடுச்சாம்மா?"

"மங்கவே இல்ல. அதான் பிரச்சனை."

கண்ணாடி அடித்துப் பிடித்து வந்தார். முகம் உர்ரென்று இருந்தது. "இருபத்திரெண்டு வருஷமா இந்த வேலை செய்யறேன். பளபளப்பு பத்தலைன்னு சண்டை போட்டவங்க உண்டு. ஜாஸ்தின்னு கூப்பிட்டது நீங்க ஒருத்தர்தான்."

அவள் அவரைச் சமையலறைக்குள் இழுத்துப்போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் கூடத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

"அப்ப நடக்கற பாதையில மட்டும் எடுத்துடறேன். ரெண்டடி அகலம் போதும். மீதி ஹால் உங்களுக்கு இருக்கட்டுமே, ஆசையாப் போட்டீங்க."

அவளுக்கு நாக்கு நுனி வரைக்கும் சரி என்று வந்துவிட்டது. பெரிய மூச்சாக விட்டாள்.

"வேண்டாம்ணே. பாதை போட்டா அவருக்காகத்தான்னு தெரிஞ்சு போயிடும். அதுக்கப்புறம் அவர் வெளியவே வரமாட்டார். முழுசா எடுத்துடுங்க."

"நானூறுல நிறுத்தறேன். சுத்தமா இருக்கும், முகம் தெரியாது, வழுக்காது" என்றார் கண்ணாடி. மெஷினை மாட்டும்போது அவர் கையே தயங்கியது. அவள் வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். வீட்டில் ஏற்கெனவே உரித்த வெங்காயம் ஒரு கிண்ணம் இருந்தது.

மாலை நாலு மணிக்கு மெஷின் நின்றது. தரை துடைத்து, காய்ந்து, துவைத்த வேட்டி போல வெள்ளையாக, மினுக்கமே இல்லாமல் விரிந்து கிடந்தது. கொஞ்ச நேரத்தில் அறைக் கதவு திறந்தது. மாமனார் குனிந்து பார்த்தார். வாக்கரை வைத்தார். காலை வைத்தார். பைஜாமாவைத் தொடவில்லை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள். அவர் நேராக ஜன்னல் வரை நடந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தார். அவளுக்கு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

மூச்சு வாங்கி முடித்ததும், மாமனார் பழைய ஆபீஸ் முகத்தோடு தரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்வையிட்டார்.

"நேத்து வரைக்கும் நல்லா பளபளன்னு இருந்துதே. யாரு இப்படிக் கெடுத்து வச்சது?"

வயரைச் சுற்றிக்கொண்டிருந்த கண்ணாடி நிமிர்ந்தார்.

"நான்தாங்க ஐயா. தகடு மாத்திப் போட்டுட்டேன். என் தப்புதான்."

"சரி, வேலைன்னு இருந்தா தப்பு வரத்தான் செய்யும்" என்றார் மாமனார் பெரிய மனசோடு. பிறகு அவசர அவசரமாக, "அதுக்காகத் திருத்தறேன்னு மறுபடி மெஷினைத் தூக்கிட்டு வந்துடாதீங்க" என்றார்.

சொல்லிவிட்டு, யாரும் கூப்பிடாமலே எழுந்து, வந்த வழியே திரும்ப நடந்தார்.