அக்கா சாவி போட்டால் மட்டும்

மெக்கானிக் சாவியைத் திருப்பினால் வண்டி ஒரே திருப்பில் கிளம்பிவிடும். அவன் அக்கா திருப்பினால் கிளம்பாது. மூன்று வாரமாக இதே கூத்துதான். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு, அவனுக்கு உடம்பெல்லாம் அலுப்பு.

வண்டி முப்பது வருஷத்துக் கிழம், கார்புரேட்டர் காலத்தது. நெரிசலில் நின்று நின்று போனால் அணைந்துவிடும். பெட்ரோல் வாடை உள்ளே அடிக்கும். மாமாவுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு ஒன்றரை வருஷமாகிறது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். நாலு மணி நேரம் மெஷினோடு கிடந்துவிட்டுத் திரும்பும்போது அந்த வாடை பட்டால் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுப்பார். அதற்காகத்தான் மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு, பெட்ரோலை அளந்து தெளிக்கிற ஃப்யூயல் இன்ஜெக்ஷன் மாட்டினான். மோதி நொறுங்கிய வேறொரு காரிலிருந்து சாமான்களை எடுத்தான். டாங்குக்குள் புது பம்ப், மிஞ்சிய பெட்ரோல் திரும்பி வர ஒரு குழாய், எவ்வளவு தெளிக்கலாம் என்று முடிவெடுக்க டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. மதியச் சாப்பாட்டு நேரத்தையெல்லாம் அதிலேயே தொலைத்தான்.

கிளம்பிவிட்டால் வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. கிளம்புவதில்தான் சண்டித்தனம், அதுவும் அக்காவிடம் மட்டும். அவள் கூப்பிடுவாள், அவன் போவான், “நகரு” என்று அவளை இறக்கிவிட்டு உட்கார்ந்து திருப்புவான். உடனே உறுமும். அக்காவுக்கு மானம் போகும்.

“டேய், என்மேல அதுக்கு என்னடா கோபம்?”

“ஒண்ணுமில்லக்கா. நீ பதட்டப்படறே.”

சொல்லிவிட்டானே தவிர, அவனுக்கும் புரியவில்லை. ரிலேயை மாற்றினான், ஃபில்டரை மாற்றினான், சூடு பார்க்கிற சென்சாரை மாற்றினான், ஒயரை எல்லாம் பிரித்து மறுபடி கட்டினான். அடுக்குமாடி வாட்ச்மேன் மட்டும் தெளிவாக இருந்தார். “உங்களுக்குக் கைராசி சார். அம்மாவுக்கு அது இல்ல.”

போன வியாழக்கிழமை அக்காவின் ஃபோன் அடித்தபோது அவன் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தான். கை அழுக்கு என்பது சாக்குதான். சலித்துப்போயிருந்தான், அதுதான் உண்மை. ஃபோனைக் கவிழ்த்து வைத்தான். அக்கா வாடகை வண்டி பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தினால் மாமா ஏறவில்லை. “ஒரு நாள்ல என்ன ஆகிடப்போகுது” என்று படுத்துக்கொண்டார். மறுநாள் மதியம் மூச்சு முட்டி, ஆம்புலன்ஸ் வந்து, பிழைத்ததே பெரிய பாடு. இன்னொரு தடவை தவறினால் இதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மெக்கானிக்குக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. தன் மேலேயே அவனுக்கு வெறுப்பாக இருந்தது.

இன்று காலை ஸ்பானர்கூட இல்லாமல் வெறுங்கையோடு வந்தான். மாமாவைத் தலையணையோடு பின்சீட்டில் உட்கார வைத்தான், அவர் பக்கத்துக் கதவு திறந்தே இருந்தது. தான் முன்னால், அக்காவுக்குப் பக்கத்து சீட்டில் ஏறினான்.

“நீ எப்பவும் எப்படிப் பண்ணுவியோ அப்படியே பண்ணு. நான் பாக்கறேன்.”

அக்கா சாவியில் கை வைத்தாள். அவள் வலது கால் ஆக்ஸிலேட்டரை இரண்டு தரம் மிதித்தது. மூன்றாவது தரம் அடிவரை அமுக்கிப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகுதான் சாவியைத் திருப்பினாள். இஞ்சின் சுற்றியது, சுற்றியது, பிடிக்கவேயில்லை.

“நிறுத்து, நிறுத்து. இப்படி மிதிக்க உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?”

“நீதான்டா. வண்டி வாங்கின அன்னைக்கே சொன்னியே.”

அவனுக்கு அடியோடு மறந்துபோயிருந்தது. கார்புரேட்டருக்கு அது சரியான வித்தைதான். ஆனால் சாவி திருப்பும்போது மிதி அடிவரை அமுங்கியிருந்தால், இஞ்சின் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கிறது என்று இந்தக் கம்ப்யூட்டர் பெட்டி அர்த்தம் எடுத்துக்கொள்ளும், பெட்ரோலை நிறுத்திவிடும். இது அவனுக்குத் தெரியாத விஷயமே இல்லை. தினமும் புது வண்டிகளைத் தொட்டுத் தொட்டு அவன் காலிலிருந்து அந்தப் பழக்கம் எப்போதோ போய்விட்டது. அக்காவின் காலைப் பற்றி அவன் யோசிக்கவேயில்லை.

“காலைக் கீழ வைச்சுட்டுத் திருப்புக்கா.”

சொல்வது சுலபம். கை சாவிக்குப் போனதும் கால் தானாக மிதிக்குப் போனது. இரண்டு தரம் அப்படியே. கடைசியில் அக்கா செருப்பை உதறினாள், காலைப் பின்னுக்கு இழுத்தாள், முழங்காலை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு திருப்பினாள். முதல் சுற்றிலேயே இஞ்சின் பிடித்தது.

“இவ்வளவுதானாடா?” அவள் சிரித்தாள், சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர். “இதுக்கா என் உயிரை வாங்கினே?”

மெக்கானிக் சந்தோஷமாகப் பின்னால் திரும்பினான். மாமா சிரிக்கவில்லை. வீங்கிய தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு ரெண்டாவது தடவையே தெரியும் மச்சான்” என்றார். “நீ சாவி போடறப்ப உன் கால் சும்மா இருந்துச்சு. அவ கால் மிதியில இருந்துச்சு. பின்னாடி உக்காந்திருக்கறவனுக்கு வேற என்ன வேலை?”

“அப்பவே சொல்லியிருக்கலாமே மாமா?”

“சொன்னா ஸ்டார்ட் ஆயிடுமே.”

இஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள், செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள்.

“எனக்கும் அலுப்பாத்தான் இருக்கு” என்றாள். “கதவைச் சாத்துங்க.”

மாமா கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு கையை நீட்டிக் கதவைச் சாத்தினார். அக்கா கியரைப் போட்டாள். தெருமுனையில் இறங்கித் தன் பட்டறைக்குப் போவதாக இருந்த மெக்கானிக் இறங்கவில்லை.